பச்சைத் தண்ணி மட்டும்

பச்சைத் தண்ணி மட்டும். இந்த மூன்று சொற்களையும் எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய ஒரு தகரத் துண்டில் வெள்ளைப் பெயின்டால் எழுதியவன் நான். உள்ளங்கை அகலத் தகரம். 'ச்'சுக்குப் புள்ளி வைக்கும்போது பெயின்ட் சொட்டி, அந்தப் புள்ளி மிளகு அளவுக்குப் பெருத்துவிட்டது. துடைத்து மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை. பெயின்ட் காய்வதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஈரத்தோடு இரண்டு ஓட்டை போட்டு, ஒரு வண்டியின் ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டிவிட்டேன். 'மட்டும்' என்பதில் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அதிகக் கெடுதல் செய்ததும் அதுதான் என்று வெகு காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நான் சிடாம் கிரிக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஃபிட்டர். டிராக்டர், லோரி, புல்வெட்டும் மிஷின், மானேஜர் வீட்டுத் தண்ணீர் பம்பு, எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி என்று நான் சொல்வது நான்கு பெரிய சக்கரங்களோடு மேட்டிலும் சேற்றிலும் ஏறுகிற மோட்டார். காகிதத்தில் அதன் பெயர் ஏ.டி.வி. எங்கள் ஆட்கள் அதைத் தவளை என்றார்கள். அதை ஓட்டியவர் கண்டக்டர் அம்மா. தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. விடியும் முன் ஆட்கள் கூடுகிற பெரட்டில் பெயர் கூப்பிட்டு, யார் குலை வெட்டுவது, யார் உரம் போடுவது என்று பிரித்துவிட்டு, பொழுது முழுக்க மலைக்காட்டில் சுற்றி அந்த வேலையைப் பார்க்கிறவர். என்னைவிட எட்டு வயது சிறியவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

அவருடைய அப்பா அதே தோட்டத்தில் குலை வெட்டியவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, படுக்கையாகிவிட்டார். தோட்டத்து வீடு, தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான். வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். வீட்டை விட்டால் அசைய முடியாத மனிதரை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது? இந்தக் கேள்விக்குள்ளேயே அந்தப் பெண் ஏழெட்டு வருடம் சுற்றிக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு வந்து, அப்பாவையும் கூட வைத்துக்கொள்ள முடியுமா என்று இவர் கேட்டதும் வந்த வழியே போனது. ஒரு தடவை நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, கட்டிப்போட்ட மாடு மாதிரி ஆகிவிட்டீர்களே என்றேன். "மாட்டுக்குக் கயிறாவது கண்ணுக்குத் தெரியும்ணே" என்றார்.

தகரத்தின் கதைக்கு வருகிறேன். இன்ஜின் சூட்டைத் தணிக்க அதைச் சுற்றி ஓடுகிற திரவத்துக்குக் கூலன்ட் என்று பெயர். எங்கள் ஸ்டோருக்கு வந்தது பச்சை நிறம். பார்க்க சர்பத் மாதிரி இருக்கும், நாக்கில் பட்டால் இனிக்கும் என்பார்கள். ஆடு மாடு நக்கினால் செத்துப்போகும். அதனால் பழையதை இறக்கும்போது ஒரு சொட்டும் தரையில் விடாமல் பேசினில் பிடித்து டின்னில் அடைத்து வைப்பேன். எங்கள் ஆட்களுக்கு இந்த அருமையெல்லாம் தெரியாது. வண்டி சூடானால், செம்பனைக்கு நடுவே வெட்டிவிட்ட பாரிட்டு வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றிவிடுவார்கள். ஊற்றினால் ஓடும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதையே வழக்கமாக்கினால் செம்மண்ணும் துருவும் உள்ளே படிந்து பம்பைத் தின்றுவிடும். பச்சை நிறத்தில் இருக்கிறதே, அந்தத் தண்ணியை மட்டும் ஊற்று என்பதுதான் நான் எழுதியதன் கருத்து. பச்சைத் தண்ணீர் என்றால் தமிழில் காய்ச்சாத வெறும் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? அம்மாவிடம் கோபித்துக்கொண்ட நாளெல்லாம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லி வளர்ந்தவன்தான். எழுதும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கண்டக்டர் அம்மா லீவில் இருந்த சமயம் தண்டல் அந்த வண்டியை எடுத்துப் போனார். தண்டல் என்பவர் ஆட்களை வேலை வாங்குகிற தலைவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை. ஒரு வாரம் ஓட்டினார், அந்த வாரம் முழுக்கப் பாரிட்டுத் தண்ணீரை ஊற்றினார். பம்பு போய்விட்டது. ஏன் ஊற்றினீர்கள் என்று நான் கத்தியபோது தகரத்தைத் தட்டிக் காட்டினார். "படிச்சிட்டுத்தான் ஊத்துனேன். பச்சைத் தண்ணி மட்டும்னு போட்டிருக்கு. நான் என்னா சுடுதண்ணியா ஊத்துனேன்? தேத்தண்ணியா ஊத்துனேன்? பச்சைத் தண்ணிதான்லா ஊத்துனேன்." மானேஜரின் கண்டிப்புக் கடிதம் தண்டலுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. வண்டி கண்டக்டர் அம்மா பெயரில் இருந்தது, கடிதமும் அவர் பெயருக்கே வந்தது. மறுநாள் பெரட்டில் அவர் கூலன்ட் போத்தலைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "இன்னையிலேருந்து பச்சைத் தண்ணின்னா இது. போத்தல்ல வர்றது. பாரிட்டுல ஓடுறது இல்ல. புரிஞ்சிச்சா?" புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருளே மாறிப்போயிற்று. யாராவது சாப்பாட்டுக் கடையில் மறந்துபோய்ப் பச்சைத் தண்ணி கேட்டால், "ஏன், ரேடியேட்டர் சூடாயிருச்சா?" என்று கேலி செய்தார்கள்.

பிறகுதான் அவருக்கு இன்னொரு கடிதம் வந்தது. பெண்டாங் பக்கம் வயல்களுக்கு நடுவே ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை. அலோர் ஸ்டாரில் நேர்முகத் தேர்வு, மதியம் இரண்டு மணி. வேலையோடு வீடும் உண்டு. வயது வரம்பு அவருக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. பட்டறைக்கு வந்து என்னிடம் மட்டும் காட்டினார். இரண்டு மணிக்குப் பிறகு வருகிறவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள் என்று கீழே அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "ரெண்டு ரூம் வீடாம்ணே. அப்பாவ ஜன்னல் ஓரமாப் போட்டா வயல் தெரியும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மானேஜர் அரை நாள்தான் லீவு கொடுத்தார். காலையில் பின்மலைக்குப் போய் குலை வெட்டுகிறதைப் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குள் திரும்பினால், உடை மாற்றிக்கொண்டு, தோட்டத்து வேனில் டவுனுக்குப் போய் பஸ் பிடித்துவிடலாம். "வண்டி நடுவுல நிக்கக் கூடாதுண்ணே. அது ஒண்ணுதான் உங்ககிட்ட கேக்குறேன்" என்றார்.

அதற்காகவே முதல் நாள் சாயங்காலம் கூலன்டை மாற்ற உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் நின்றார். முன்மூடியைக் கழற்றி, ரேடியேட்டர் இடுக்கில் அடைத்திருந்த சேற்றையும் செம்பனை நாரையும் பிரஷால் தட்டினேன். அடியில் பேசினை வைத்து, பம்புப் பக்கத்து நட்டைத் தளர்த்தி, மேல்மூடியைத் திறந்தேன். வந்தது பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. பாசிக் குட்டைத் தண்ணீர் மாதிரி ஒன்று. வடிந்ததும் வடித்தெடுத்த சுத்தத் தண்ணீரை ஊற்றி, விசிறி சுழலும் வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து இறக்கினேன். துரு வந்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி இறக்கினேன். மூன்றாவது தடவை பேசினின் அடி தெரிந்தது. நட்டை முறுக்கிவிட்டு, கூலன்டையும் சுத்தத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, புனல் வைத்து மெல்ல மெல்ல ஊற்றினேன். "பாக்க அழகா இருக்குண்ணே" என்றார் கண்டக்டர் அம்மா.

இதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது. புதிதாக ஊற்றும்போது குழாய்களுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். முன்சக்கரங்களை உயரத்தில் ஏற்றி, மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டால், அது குமிழி குமிழியாக மேலே வரும். வர வர மட்டம் இறங்கும், இறங்க இறங்க ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது கூடவே நிற்க வேண்டும். காற்று உள்ளே தங்கிவிட்டால் வண்டி பட்டறையில் ஒழுங்காகத்தான் ஓடும். மேட்டில் ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் பாதியில், டிராக்டர் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது, மானேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. குமிழி இன்னும் வந்துகொண்டிருந்தது. போதும் என்று மூடியை அழுத்தித் திருகினேன். "ஆச்சு மேடம். இனிமே நிக்காது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணி இருக்கும், நான் டிராக்டருக்கு அடியில் கிடந்தேன். கைப்பேசி அடித்தது. கண்டக்டர் அம்மா. பின்மலையில் ஒரே ஒரு மேட்டில்தான் லைன் கிடைக்கும். அதில் ஏறி நின்று பேசினார். "அண்ணே, செவப்பு லைட் எரியிது. ஆவி வருது." நேற்று பாதியில் விட்ட காற்றுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பெரிய ஆபத்தில்லை. ஆறவிட்டு எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். "பதறாதீங்க மேடம். நல்லா ஆறவிட்டு, பச்சைத் தண்ணி ஊத்திட்டு மெல்ல வந்துருங்க. பாரிட்டு பக்கத்துலதானே இருக்கு" என்றேன். அவசரத்தில் நாக்கு பிறந்த வீட்டுக்குத்தான் போகும். தோட்டம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த புதுப் பொருள் எனக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை. லைன் விட்டு விட்டு வந்தது. "சரிண்ணே" என்ற அவர் குரல் கேட்டது, பிறகு அறுந்துபோனது. நான் நிம்மதியாக மறுபடி டிராக்டருக்கு அடியில் போய்விட்டேன்.

அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: பதறாதீங்க மேடம், பச்சைத் தண்ணி, வந்து. பச்சைத் தண்ணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வருகிறார் என்று நினைத்து, லைன் இல்லாத பள்ளத்துக்கு இறங்கி வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் மலை. வண்டி போக வர ஒரே பாதை, அதுவும் சுற்றுப்பாதை. காலடியில் பாரிட்டு நிறைந்து ஓடியது. குலை வெட்டுகிற வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த மலாயில் "ஆயர், ஆயர்", தண்ணீர் தண்ணீர் என்று, பாரிட்டைக் காட்டியிருக்கிறார்கள். இவர் தலையாட்டி மறுத்துத் தகரத்தைக் காட்டியிருக்கிறார். தமிழ் தெரியாதவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. இவருக்கு ஏற்கெனவே ஒரு கண்டிப்புக் கடிதம் வந்திருந்தது. இன்னொரு பம்பு போனால் தாங்காது. மறுபடி மேட்டில் ஏறிப் பார்த்தாராம், லைன் கிடைக்கவில்லையாம். நடந்து போகலாம் என்று இரண்டு தடவை எழுந்தாராம். குறுக்கு வழியில் போனால் எதிரே வருகிற அண்ணன் தவறவிட்டுவிடுவாரே என்று இரண்டு தடவையும் உட்கார்ந்தாராம். வெயில் ஏறியதும் பாரிட்டுத் தண்ணீரை இரண்டு கையால் அள்ளி முகம் கழுவினாராம். இதையெல்லாம் பிற்பாடு அவரே சொன்னார். முகம் கழுவியதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியில் நடந்தே வந்தார். பட்டறை வாசலுக்கு வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. முழங்கால் வரை சேறு. கையில் சான்றிதழ்கள் வைத்த நீல ஃபைல். நேரம் போதாவிட்டால் அப்படியே ஓடிவிடலாம் என்று காலையிலேயே கூட எடுத்துப் போயிருந்தார். தண்டலும் டிராக்டர் டிரைவரும் அங்கே நின்றிருந்தார்கள். "எங்கண்ணே பச்சைத் தண்ணி?" என்று கண்டக்டர் அம்மா என்னைக் கேட்டார். அவர் எப்போதோ பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்திருந்த எனக்கு உடனே விளங்கவில்லை. "பாரிட்டுல ஓடுதே மேடம்" என்றேன். முதலில் தண்டல் சிரித்தார். டிரைவர் சிரித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற கண்டக்டர் அம்மாவும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

அந்தக் கதை தோட்டம் முழுக்கப் பரவியது. கோயில் திருவிழா, கல்யாண வீடு, எங்கே நான்கு பேர் கூடினாலும் "பச்சைத் தண்ணி கதைய சொல்லுங்க" என்பார்கள். கண்டக்டர் அம்மாவே சொல்வார். மேட்டில் ஏறி நின்று பேசியதை நடித்துக் காட்டுவார். வேலை போனது ஒரு வார்த்தையால் என்று எல்லாரும் நம்பினார்கள். வண்டி ஏன் சூடானது என்று யாரும் கேட்கவில்லை. பழைய வண்டி, சூடாகத்தானே செய்யும். ஒவ்வொரு தடவை அவர்கள் சிரிக்கும்போதும் என் குற்றம் அந்தச் சிரிப்புக்கு அடியில் இன்னும் பத்திரமாக ஒளிந்துகொண்டது. வாயைத் திறந்தால் என் வேலையும் என் தோட்டத்து வீடும் போகும் என்ற பயம் முதலில். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம். நாள் ஆக ஆகச் சொல்வதற்கு வழியே இல்லாமல் போயிற்று. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பட்டறை வேலையை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டபோது தோட்டம் என்னை அனுப்பிவிட்டது. தப்பு செய்தவன் வெளியே வந்துவிட்டேன். அவர் உள்ளேயே இருந்தார்.

இப்போது திகாம் பத்து என்ற ஊரில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் பட்டறையில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு சின்ன லோரி வந்து நின்றது. பின்தட்டில் கயிறு கட்டி நிறுத்திய அந்தத் தவளை வண்டி. முன்சீட்டிலிருந்து கண்டக்டர் அம்மா இறங்கினார். காதோரம் நரைத்திருந்தது. குத்தகைக்காரர் வருவதே இல்லையாம், கூலன்ட் மாற்ற வேண்டுமாம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்று எனக்குத் தெரியும், காரியத்துக்குப் போயிருந்தேன். இனிமேல் எங்கேயாவது போகலாமே மேடம் என்றேன். "இப்ப கதவு தெறந்துதான் கெடக்குண்ணே. போறதுக்குத்தான் எடம் இல்ல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், மணி என்ன என்று சொல்வது போல.

பேசினை வைத்தேன், இறக்கினேன், கழுவினேன், மறுபடி கழுவினேன். தகரம் அதே இடத்தில் இருந்தது. 'மட்டும்' மட்டும்தான் படிக்கும்படி இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் உதிர்ந்து, மிளகுப் புள்ளி மட்டும் மிச்சமிருந்தது. இப்போது வருகிற கூலன்ட் ரோஸ் நிறம். அதை ஊற்றிவிட்டு, முன்சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டேன். குமிழிகள் வந்தன. குழாயை விரலால் அமுக்கி அமுக்கி விட்டேன். தவுக்கே இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் நகரவில்லை. அரை மணி நேரம் ஆகியும் எங்கோ ஒரு குமிழி வந்துகொண்டுதான் இருந்தது.

"அன்னைக்கி இவ்ளோ நேரம் ஆகலையேண்ணே" என்றார் கண்டக்டர் அம்மா.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதியிலேயே மூடிவிட்டேன், காற்று உள்ளே இருந்தது, வண்டி நின்றது அதனால்தான் என்று ரேடியேட்டரைப் பார்த்தே சொல்லி முடித்தேன். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது, சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தெரியும்ணே. குத்தகைக்காரன் ஒரு தடவ மாத்துனப்ப, இதே மாரி நின்னு காத்து எடுத்தான். எதுக்குன்னு கேட்டேன், சொன்னான். அன்னைக்கே புரிஞ்சிருச்சு."

"பின்ன ஏன் மேடம் என்கிட்ட கேக்கல? அதுக்கப்புறமும் அந்தக் கதைய சொல்லிச் சிரிச்சிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டு என்னா பண்றது? பச்சைத் தண்ணி கதைன்னா நாலு பேருகிட்ட சொல்லிச் சிரிக்கலாம். காத்துக் கதைய வெச்சிக்கிட்டு நான் என்னாண்ணே பண்ணுவேன்?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல் அந்த இடத்துக்கு மிகச் சின்னதாகத் தோன்றியது. குமிழி நின்றது. மட்டத்தைப் பார்த்து ஊற்றி மூடினேன். அவர் தகரத்தைக் கம்பியோடு கழற்றி என்னிடம் நீட்டினார். "அழிஞ்சிருச்சு. எழுதிக் குடுங்க." நிறம் ரோஸ் ஆகிவிட்டதே, இன்னும் பச்சை என்றா எழுதுவது என்று கேட்டேன். "அதே மாரிதான் எழுதணும். ஆளுங்களுக்கு அது பழகிப்போச்சு" என்றார்.

தகரத்தைத் தேய்த்துத் துடைத்து, பட்டறையில் கிடந்த வெள்ளைப் பெயின்டால் அதே மூன்று சொற்களை எழுதினேன். கீழே ஒரு விரல் அகலம் இடம் மிச்சமிருந்தது. அதில் பொடி எழுத்தில் இன்னொரு வரி எழுதினேன்: அவசரத்துக்கு எந்தத் தண்ணியும் ஊத்தலாம். கண்டக்டர் அம்மா குனிந்து, உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இத அப்பவே எழுதியிருக்கலாம்லண்ணே" என்றார்.

கம்பியை எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன். பெயின்ட் காயும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.